பீத்தோவன் வயலின் கான்செர்ட்டோ: நடுவில் டிம்பனி வருகிற கடென்சா யாருடையது?

மார்கழிப்பனி

எல்லோருக்கும் வணக்கம். மேற்கத்திய செவ்வியல் இசையை நான் முறையாகப் படித்ததில்லை, கேட்டுக் கேட்டுப் பழகியதுதான், அதனால் கேள்வி சின்னதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீத்தோவனின் வயலின் கான்செர்ட்டோ (தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு), ஓபஸ் 61, அதாவது படைப்பு எண் 61. பத்து வருடமாக என்னிடம் இருந்தது ஒரே ஒரு பதிவு. அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் முணுமுணுப்பேன். போன வாரம் சமைத்துக்கொண்டே வேறொரு பதிவைப் போட்டேன். முதல் பகுதி முடியும் தறுவாயில் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் நின்று வயலின் மட்டும் தனியாகப் போகுமே, அந்த இடம் வந்தது. எனக்குத் தெரிந்த இசை அங்கே இல்லை! முழுக்க வேறு. அதோடு பாதியில் டிம்பனி என்கிற பெரிய முரசு வந்து, படை அணிவகுத்துப் போகிற மாதிரி வயலினோடு சேர்ந்து தட்டுகிறது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து மூன்று முறை கேட்டேன்.

இரண்டில் எது பீத்தோவன் எழுதியது? ஒன்று அவருடையது என்றால் இன்னொன்றை வாசிக்க எப்படி அனுமதிக்கிறார்கள்?

நாலாந்தந்தி

அந்த இடத்துக்குப் பெயர் கடென்சா. உங்கள் கேள்விக்கு நேரான பதில்: வயலினுக்கென்று பீத்தோவன் அங்கே எதையும் எழுதவில்லை. ஏடு அந்த இடத்தில் காலிதான். ஒரு கோர்ட் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்கள்), அதன் மேல் நிறுத்தக்குறி, அவ்வளவே. மீதி வாசிப்பவர் பொறுப்பு.

எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஆர்கெஸ்ட்ரா ஒரு குறிப்பிட்ட கோர்டில் வந்து நிற்கும், அடியில் பஞ்சமம் ஒலிக்கும், மேலே ஷட்ஜத்தின் கோர்ட். கேட்கிற காது "சரி, இனி ச-வில் போய் உட்கார வேண்டியதுதான்" என்று காத்திருக்கும். அந்தக் காத்திருப்பை நீட்டுவதுதான் கடென்சா. தனிக்கலைஞர் அதுவரை வந்த மெட்டுகளை எடுத்துப் பிரித்து, சேர்த்து, தன் விரல்பலத்தையும் காட்டி, கடைசியில் ஒரு நீண்ட டிரில் (அடுத்தடுத்த இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) வைப்பார். டிரில் கேட்டதும் நடத்துநரின் கை உயரும், எல்லோரும் சேர்ந்து ஷட்ஜத்தில் இறங்குவார்கள்.

1806 டிசம்பர் 23 அன்று வியன்னாவில் இதை முதலில் வாசித்தவர் ஃபிரான்ஸ் கிளமென்ட். அவருக்காகவே எழுதப்பட்ட படைப்பு. அந்த இடத்தைக் காலியாக விட்டது சோம்பேறித்தனத்தால் இல்லை, அன்றைக்கு அதுதான் வழக்கம்.

பழையரெக்கார்டு

உங்களிடம் இருந்தது பெரும்பாலும் கிரைஸ்லரின் கடென்சாவாக இருக்கும். ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் எழுதியதைத்தான் அதிகம் பேர் வாசிக்கிறார்கள். முடிவுக்குக் கிட்டே இரண்டு மெட்டுகள் ஒரே வயலினில் ஒரே நேரத்தில் ஒலிக்கும், ஒன்று மேலே ஒன்று கீழே. அப்படி வந்தால் சந்தேகமே வேண்டாம். 1926இல் பெர்லினில் லியோ பிளெக் நடத்த கிரைஸ்லரே வாசித்த பதிவு இருக்கிறது, ஒலித்தரம் மங்கல்தான், ஆனாலும் கேளுங்கள்.

டிம்பனி வருவது வேறு கதை. அது கிட்டத்தட்ட பீத்தோவனுடையதே. பியானோ தெரிந்தவர்கள் யாராவது வந்து சொல்லுங்கள்.

கறுப்புவெள்ளைக்கட்டை

வந்துவிட்டேன் அண்ணா.

1807இல் முஸியோ கிளெமென்டி வியன்னா வந்தார். நல்ல பியானோ கலைஞர், அதோடு லண்டனில் இசைப் பதிப்பகமும் வைத்திருந்தவர். வயலின் கான்செர்ட்டோவை பியானோவுக்கும் மாற்றித் தரும்படி பீத்தோவனிடம் கேட்டார், அவரும் ஒப்புக்கொண்டார். அந்த பியானோ வடிவத்துக்கு பீத்தோவன் தன் கைப்பட கடென்சா எழுதினார். அதில்தான் டிம்பனி சேர்கிறது, அணிவகுப்பு மெட்டும் வருகிறது. படைப்பின் முதல் ஒலியே டிம்பனி என்பதை நினைத்துப் பாருங்கள். நான்கு தட்டு, ஐந்தாவது தட்டில் ஓபோ, கிளாரினெட் போன்ற காற்றுக்கருவிகள் சேர்ந்துகொள்ளும். கான்செர்ட்டோவைத் தொடங்கிவைத்த அந்த டிம்பனியையே கடென்சாவுக்குள்ளும் கூட்டி வருகிறார். எனக்கு அது மிகவும் பிடித்த யோசனை.

பின்னாளில் வயலின் கலைஞர் வொல்ஃப்காங் ஷ்னைடர்ஹான் அந்த பியானோ கடென்சாவைத் திரும்பவும் வயலினுக்கு மாற்றினார். நீங்கள் கேட்டது அதுவாகவோ அதைப் பின்பற்றி வேறொருவர் செய்ததாகவோ இருக்கும்.

மார்கழிப்பனி

அப்படியானால் காலியாக இருந்த இடத்தை 120 வருடம் கழித்தும் ஒருவர் நிரப்பலாம், 150 வருடம் கழித்தும் நிரப்பலாம், எல்லாமே பீத்தோவன் கான்செர்ட்டோதானா? எனக்குத் தலை சுற்றுகிறது.

தெற்குவாசல்

இங்கே எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கிரைஸ்லர் சரி, அவர் பீத்தோவனின் மொழியிலேயே பேசினார். ஆனால் கிடோன் கிரெமர் வாசித்த ஷ்னிட்கேயின் கடென்சாவைக் கேட்டிருக்கிறீர்களா? ஆல்ஃபிரெட் ஷ்னிட்கே 1970களில் எழுதியது. பீத்தோவனுக்குள் பிராம்ஸ் வருகிறார், பெர்க் வருகிறார், பார்டோக் வருகிறார், ஷோஸ்டகோவிச் வருகிறார். அந்த மூன்று நிமிடம் நான் 1806இல் இல்லை, அறையில் யாரோ ஜன்னலை உடைத்த மாதிரி இருக்கிறது. திரும்ப பீத்தோவன் வரும்போது என் மனம் அதோடு ஒட்டவில்லை. ஒருவர் உங்களை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுத்தால் சுவரின் நிறத்தை மாற்றுவீர்களா?

பழையரெக்கார்டு

கேட்டிருக்கிறேன், முதல்முறை எனக்கும் அதே கோபம்தான் வந்தது. நடத்தியவர் நெவில் மாரினர். ஆனால் பலமுறை கேட்ட பிறகு ஒன்று புரிந்தது. ஷ்னிட்கே கண்ட இடத்திலிருந்து துண்டு பொறுக்கவில்லை. பீத்தோவனின் அந்த ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டும் தாளமும் வயலின் மெட்டின் வளைவும் பின்வந்த வயலின் கான்செர்ட்டோக்களில் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக் காட்டுகிறார். பீத்தோவனின் பேரப்பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்கு வந்துபோகிறார்கள். உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அது ஜன்னலை உடைக்கிற வேலை இல்லை.

நாலாந்தந்தி

தெற்குவாசல், "நம்பிச் சாவியைக் கொடுத்தால்" என்றீர்களே, அந்தக் காலத்தில் அந்தச் சாவியை வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்ப்போம்.

1715 பிப்ரவரியில் பிராங்க்ஃபர்ட்டைச் சேர்ந்த உஃபென்பாக் என்ற பயணி வெனிசில் விவால்டி வயலின் வாசிப்பதைக் கேட்டார். கடைசியில் விவால்டி ஒரு கற்பனை வாசிப்பைச் சேர்த்தாராம். தனக்கு அது திகிலூட்டியது என்றே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இடதுகை விரல்கள் பிரிட்ஜுக்கு (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) ஒரு வைக்கோல் தடிமன் தூரம் வரை ஏறிவிட்டதாம், வில் போகவே இடம் இல்லாத அளவுக்கு. சுமார் 500 கான்செர்ட்டோ எழுதியவர் விவால்டி, வேகம்-மெது-வேகம் என்ற மூன்று பகுதி அமைப்பை ஐரோப்பா முழுவதும் பரப்பியவர். அப்படிப்பட்டவரே தன் படைப்பின் முடிவில் ஏட்டை மூடி வைத்துவிட்டுக் கிளம்புகிறார்.

பாக் விவால்டியின் கான்செர்ட்டோக்களை வைமாரில் இருந்தபோது விசைக்கருவிகளுக்கு மாற்றி எழுதியே கற்றுக்கொண்டார். ஆனால் அவருக்குக் காலி இடம் விடுகிற பழக்கம் அவ்வளவாக இல்லை. ஐந்தாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவின் முதல் பகுதியில் ஹார்ப்ஸிகார்டின் (பியானோவுக்கு முந்தைய விசைக்கருவி) தனி வாசிப்பு 65 அளவுகள் (ஏட்டில் கோடு போட்டுப் பிரித்த தாளப் பகுதிகள்), ஒவ்வொரு சுரமும் எழுதியே வைத்திருக்கிறார். அதற்கு முன் ஹார்ப்ஸிகார்டின் வேலை பின்னால் உட்கார்ந்து கோர்ட் நிரப்புவது. பாக் அதை முன்னால் இழுத்து வந்து, மற்ற எல்லோரையும் வாய்மூட வைத்தார். ஒருமுறை நேரில் கேட்டேன். புல்லாங்குழலும் வயலினும் ஒவ்வொன்றாக அடங்க, அந்தச் சின்னக் கருவி மட்டும் அலை அலையாக ஏறியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மூச்சையே விடவில்லை.

கறுப்புவெள்ளைக்கட்டை

மோட்ஸார்ட் நடுவில் நிற்கிறார். தான் வாசிப்பதற்கு எழுதவே வேண்டாம், மேடையில் பார்த்துக்கொள்வார். அக்கா நானெர்லுக்கு மட்டும் கடென்சாக்களை எழுதி சால்ஸ்பர்க்குக்கு அனுப்பினார். அதனால்தான் சிலவற்றுக்கு அவருடைய கடென்சா நம்மிடம் இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை.

டி மைனர் பியானோ கான்செர்ட்டோ, கே. 466 (கே. என்பது மோட்ஸார்ட் படைப்புகளின் பட்டியல் எண்), 1785 பிப்ரவரி 11 அன்று வியன்னாவில் முதல்முறை. அப்பா லியோபோல்ட் அன்றுதான் ஊருக்கு வந்து சேர்ந்தார். படியெடுப்பவர் இன்னும் எழுதிக்கொண்டிருந்ததையும் கடைசிப் பகுதியை ஒருமுறை வாசித்துப் பார்க்கக்கூட மகனுக்கு நேரம் கிடைக்கவில்லை என்பதையும் மகளுக்குக் கடிதத்தில் எழுதினார். அப்படிப்பட்ட நாளில் கடென்சாவை எழுதி வைத்திருக்கவா போகிறார். இந்தக் கான்செர்ட்டோவுக்கு மோட்ஸார்ட்டின் கடென்சா கிடைக்கவில்லை, பீத்தோவன் எழுதியதைத்தான் நாங்கள் பெரும்பாலும் வாசிக்கிறோம். மோட்ஸார்ட்டின் புயலுக்குள் பீத்தோவனின் கனமான இடி. தெற்குவாசல் அண்ணா, இதுவும் சுவரின் நிறத்தை மாற்றியதுதானே? ஆனால் இதற்கு யாரும் கோபப்படுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1788இல் முடித்த பியானோ கான்செர்ட்டோ கே. 537இல் இடதுகைக்கு உரிய பகுதி பல இடங்களில் எழுதப்படவே இல்லை. கடென்சா மட்டும் இல்லை, நடு வழியிலேயே காலி இடங்கள். அவர் தலைக்குள் இருந்தது, அவருக்குப் போதும். அவர் இறந்த பிறகு பதிப்பித்தபோது வேறு யாரோ நிரப்பிய இடதுகையைத்தான் இன்றும் வாசிக்கிறோம்.

மார்கழிப்பனி

இவ்வளவு சுதந்திரம் இருந்தது பிறகு எப்படிப் போயிற்று? இன்றைக்குக் கான்செர்ட்டோ வாசிப்பவர்கள் ஏட்டில் உள்ளதை அப்படியே வாசிக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கறுப்புவெள்ளைக்கட்டை

கதவை மூடியதிலும் பீத்தோவனுக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டு சம்பவம், இரண்டும் பியானோவும் காற்றுக்கருவிகளும் சேர்ந்த அதே ஐவர் இசை, ஓபஸ் 16 வாசிக்கும்போது நடந்தவை. முதலாவது அவருடைய மாணவர் ரீஸ் சொன்னது. பீத்தோவன் பியானோவில், ஓபோவில் புகழ்பெற்ற ராம். கடைசிப் பகுதியில் ஒரு நிறுத்தக்குறி வந்ததும் பீத்தோவன் தன் கற்பனையில் கிளம்பிவிட்டார். மற்றவர்கள் இதோ முடிக்கிறார் என்று கருவியை வாய்க்குக் கொண்டுபோவதும் திரும்ப இறக்குவதுமாக இருக்க, ராமுக்குக் கடும் கோபம். இரண்டாவது, 1816. அவருடைய இன்னொரு மாணவர் செர்னி அதே படைப்பை வாசிக்கும்போது சில அலங்காரங்களைச் சொந்தமாகச் சேர்த்தார். பீத்தோவன் எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டிவிட்டார். மறுநாள் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார், ஆனால் தான் எழுதியதை எழுதியபடியே கேட்க விரும்பும் ஒரு படைப்பாளியை மன்னிக்க வேண்டும் என்றுதான் எழுதினார்.

இரண்டுக்கும் நடுவில் 1809. தன் முதல் நான்கு பியானோ கான்செர்ட்டோக்களுக்கும் அந்தச் சமயத்தில்தான் கடென்சாக்களை எழுதிக் கொடுத்தார், மாணவர் ருடால்ஃப் இளவரசருக்காக என்று சொல்வார்கள். அதே வருடம் எழுதிய ஐந்தாவதில், வழக்கமாகக் கடென்சா வரும் இடத்தில், இங்கே கடென்சா வேண்டாம், உடனே அடுத்ததற்குப் போகவும் என்று இத்தாலியனில் குறித்து, தானே ஒரு சிறு தனி வாசிப்பை எழுதிவிட்டார். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் நான்காவதை மேடையில் தானே வாசித்தார். அதற்குப் பிறகு காது கேட்காமல் போனதால் கான்செர்ட்டோ வாசிக்க அவரால் மேடை ஏற முடியவில்லை. ஐந்தாவதை 1811இல் லைப்ஸிக்கில் வேறொருவர்தான் பொது மேடையில் முதலில் வாசித்தார். தான் வாசிக்கும் வரை காலி இடம் அவருக்கு வேண்டியிருந்தது. இனி வேறொருவர் கைதான் என்று ஆனபோது அதை மூடினார். எனக்கு இது தாங்க முடியாத துக்கமாக இருக்கிறது, ஐந்தாவது கான்செர்ட்டோ எவ்வளவு உற்சாகமாக ஒலித்தாலும்.

பழையரெக்கார்டு

அருமையாகச் சொன்னீர்கள். மெண்டல்சன் இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய ஈ மைனர் வயலின் கான்செர்ட்டோ 1845 மார்ச்சில் லைப்ஸிக்கில் அரங்கேறியது. வாசித்த ஃபெர்டினாண்ட் டேவிட் அவருடைய நண்பர், இருவரும் வருடக்கணக்கில் ஆலோசித்து உருவாக்கிய படைப்பு. அதில் கடென்சா முழுவதும் எழுதப்பட்டது, அதுவும் கடைசியில் இல்லை, நடுவில். வில் நான்கு தந்திகளிலும் துள்ளித் துள்ளிப் போகும்போது, அது முடிவதற்குள்ளேயே அடியில் ஆர்கெஸ்ட்ரா தொடக்க மெட்டை மெல்ல எடுத்துவிடும். யார் யாருக்குத் துணை என்று தெரியாது. கைதட்ட இடமே கொடுக்க மாட்டார் மனிதர். முதல் பகுதி முடிந்ததும் ஒரு பஸூன் (கனத்த குரல் கொண்ட காற்றுக்கருவி) ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டே அடுத்த பகுதிக்கு நம்மைக் கூட்டிப்போகும்.

காவேரிக்கரை

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். இது நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் மாதிரிதானே? எல்லோரும் நிறுத்துகிறார்கள், மிருதங்கம் தனியே.

நாலாந்தந்தி

கொஞ்சம் அப்படித்தான். மோராவும் கோர்வையும் வைத்ததும் பாடகர் பல்லவியை எடுக்கத் தயாராவார் இல்லையா, டிரில் செய்வது அதே வேலை. ஆனால் தனியில் தாளம் நிற்காது, கை போட்டுக்கொண்டே இருப்பார்கள். கடென்சாவில் தாளமே கரைந்துவிடும். அந்த வகையில் அது ஆலாபனைக்கும் நெருக்கம். எதனோடும் முழுதாகப் பொருத்த வேண்டாம் என்பது என் எண்ணம்.

தெற்குவாசல்

இங்கேதான் என் கட்சிக்கு ஆதாரம் கொண்டுவருகிறேன். ட்வோர்ஷாக்கின் செல்லோ கான்செர்ட்டோ. அமெரிக்காவில் இருந்தபோது 1894-95இல் எழுதியது. செல்லோ கலைஞர் ஹனுஷ் விஹான் அவருடைய நண்பர், படைப்பு அவருக்கே அர்ப்பணம். விஹான் கடைசிப் பகுதியில் வைக்க ஒரு கடென்சா எழுதிக் கொண்டுவந்தார். ட்வோர்ஷாக் மறுத்துவிட்டார். ஒரு சுரத்தைக்கூட யாரும் தன் அனுமதி இல்லாமல் மாற்றக்கூடாது என்று பதிப்பாளருக்கும் எழுதிவிட்டார்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? அவருடைய மைத்துனி ஜோசஃபினா 1895 மே மாதம் இறந்துபோனார். இளவயதில் ட்வோர்ஷாக் காதலித்த பெண். அவர் நோயுற்றிருந்த செய்தி கிடைத்தபோதே, அவருக்குப் பிடித்த தன் பாடல் ஒன்றின் மெட்டை இரண்டாம் பகுதியில் வைத்திருந்தார். மரணத்துக்குப் பிறகு கான்செர்ட்டோவின் முடிவையே மாற்றி எழுதினார். வேகமாக ஓடிக்கொண்டிருந்த இசை தயங்கி நிற்கும், அந்தப் பாடல் மெட்டு ஒரு தனி வயலினில் திரும்ப வரும், செல்லோ அடங்கிக்கொண்டே போகும். அந்த இடத்தில் ஒருவர் விரல்வித்தை காட்டியிருந்தால்? யோசித்துப் பார்க்கவே எனக்கு முடியவில்லை. காலி இடம் எல்லாப் படைப்புக்கும் பொருந்தாது.

கறுப்புவெள்ளைக்கட்டை

இதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன் அண்ணா. அந்த முடிவைக் கேட்டு முடித்ததும் ஐந்து நிமிடம் என்னால் யாரோடும் பேச முடியாது.

பழையரெக்கார்டு

நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு வெறும் பதினாறு வருடம் முன்னால், 1879 ஜனவரி 1 அன்று லைப்ஸிக்கில் அரங்கேறிய பிராம்ஸின் வயலின் கான்செர்ட்டோவில் கடென்சா இடம் காலியாகத்தான் இருந்தது. நண்பர், வயலின் கலைஞர் யோவாகிம் நிரப்பினார். பன்னிரண்டு வயதில் லண்டனில் மெண்டல்சன் நடத்த பீத்தோவன் கான்செர்ட்டோவை வாசித்து, கிட்டத்தட்ட மறக்கப்பட்டிருந்த அந்தப் படைப்பை மீட்டவர் அதே யோவாகிம். அவர்மேல் பிராம்ஸுக்கு அவ்வளவு நம்பிக்கை. ஆக, ஆளைப் பொறுத்தது, படைப்பைப் பொறுத்தது.

ஷோஸ்டகோவிச்சின் முதல் வயலின் கான்செர்ட்டோவையும் சொல்லிவிடுகிறேன். 1948இல் எழுதி முடித்தார், அந்த வருடம் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சி அவர் இசையைக் கண்டித்ததால் படைப்பு பெட்டிக்குள் போனது, 1955இல்தான் லெனின்கிராட்டில் வயலின் கலைஞர் ஒய்ஸ்ட்ராக் வாசித்தார். அதில் கடென்சா தானே ஒரு பகுதி அளவுக்கு நீளம், ஒவ்வொரு சுரமும் எழுதப்பட்டது. முதல் வடிவத்தில் அது முடிந்த அடுத்த கணமே இறுதிப் பகுதியையும் வயலினே தொடங்க வேண்டியிருந்தது. நெற்றி வியர்வையைத் துடைக்கவாவது நேரம் கொடுங்கள் என்று ஒய்ஸ்ட்ராக் கேட்க, ஷோஸ்டகோவிச் தொடக்கத்தை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றிக் கொடுத்தார். கேட்கும்போது அந்தச் சில நொடிகளில் ஒய்ஸ்ட்ராக்கின் கைக்குட்டை என் கண்ணுக்குத் தெரியும்.

நாலாந்தந்தி

பனி, உங்கள் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். எது சரியான கடென்சா என்பதை விட எனக்கு முக்கியம் அதற்கு அடுத்த நொடி.

வழக்கமாக டிரில் முடிந்ததும் ஆர்கெஸ்ட்ரா முழுபலத்தோடு பாய்ந்து பகுதியை முடித்துவைக்கும். பீத்தோவன் வயலின் கான்செர்ட்டோவில் அப்படி இல்லை. அந்த இரண்டாவது மெட்டு இருக்கிறதே, படிப்படியாக ஏறி இறங்கும் எளிமையான மெட்டு, அதை அதுவரை ஆர்கெஸ்ட்ராதான் முழுதாகப் பாடியிருக்கும். வயலின் அதைச் சுற்றிச் சுற்றிக் கோலம் போடும், டிரில் வைக்கும், முழுதாகக் கையில் எடுக்காது. கடென்சா முடிந்த பிறகுதான், கீழ்த்தந்திகள் இரண்டில், மெதுவாக, வயலின் அதைப் பாடத் தொடங்கும். துணைக்கு மற்ற தந்திக்கருவிகள் விரலால் மீட்டுவது மட்டும்.

இருபது நிமிடம் காத்திருந்து கிடைத்த மெட்டு அது. கடென்சா எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் அந்த நொடிக்கு நம்மை அமைதியாகக் கொண்டுவந்து விடவில்லை என்றால் எனக்கு அது தோல்விதான். இந்த அளவுகோலில் கிரைஸ்லர் எனக்கு முதலிடம். ஷ்னிட்கேயும் மோசமில்லை தெற்குவாசல், அவ்வளவு இரைச்சலுக்குப் பிறகு அந்த மெட்டு வரும்போது அதன் எளிமை இரண்டு மடங்காகத் தெரிகிறது.

இதைச் சொல்லும்போது இன்னொன்று. மோட்ஸார்ட்டின் ஜி மேஜர் வயலின் கான்செர்ட்டோ, கே. 216, 1775இல் பத்தொன்பது வயதில் எழுதியது. அவருடைய வயலின் கான்செர்ட்டோக்கள் எதற்குமே அவர் எழுதிய கடென்சா கிடைக்கவில்லை. நான் சிறுவயதிலிருந்து ஆசிரியர் கொடுத்த அச்சுக் கடென்சாவையே வாசித்து வந்தேன். சொந்தமாக எழுதிப் பார்க்கட்டுமா என்று பதினைந்து வயதில் கேட்டதற்கு, தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இந்த வருடம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை பன்னிரண்டு அளவுகள்.

தெற்குவாசல்

அந்த இரண்டாவது மெட்டு விஷயம் நான் கவனித்ததே இல்லை. இத்தனை வருடம் கேட்டும்! இன்றிரவு கிரெமர் பதிவைத் திரும்பப் போட்டு அந்த இடத்துக்காகவே கேட்கிறேன். ஷ்னிட்கே பற்றிய என் கருத்து மாறும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. உங்கள் பன்னிரண்டு அளவுகளைக் கேட்க ஆசை.

மார்கழிப்பனி

இப்போதுதான் இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டேன், கடென்சா தொடங்கும் இடத்திலிருந்து. டிம்பனி பதிவில் அந்த மெட்டு வந்தபோது, பத்து வருடம் கேட்டும் எனக்குத் தெரியாதது ஒன்று தெரிந்தது. மெட்டு வருவதற்குச் சற்று முன் வயலின்காரர் மூச்சை உள்ளிழுக்கும் சத்தம் பதிவாகியிருக்கிறது. பழைய பதிவில் அந்தச் சத்தம் இருக்கிறதா என்று தேடினேன், அதில் இல்லை. நாலாந்தந்தி அக்கா, பதின்மூன்றாவது அளவு வந்ததும் இங்கே சொல்லுங்கள்.